போசி கழுவும் இயந்திரம்

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். கிரைண்டரில் தொட்டி சுற்றும், குழவி நின்ற இடத்திலேயே உருளும். இரண்டிலும் அரைபடுவது அதே அரிசி, அதே உளுந்து. அரைப்பதும் அதே கருங்கல். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி செய்த முதல் வெட் கிரைண்டரின் சூட்சுமம் இந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து குழவியைப் பிடித்து வட்டம் போடுவதும், இன்னொரு கையால் மாவைத் தள்ளிவிடுவதும் மனிதத் தோளுக்குக் கைவந்த வேலை. மோட்டாருக்கு அது வராது. ஓர் அச்சில் சீராகச் சுற்றச் சொன்னால் நாளெல்லாம் சுற்றும், அவ்வளவுதான். அந்தச் சுற்றைத் தொட்டிக்குக் கொடுத்து, குழவியை ஒரு கையில் மாட்டி நிறுத்திவிட்டால் மாவு தானாக வந்து கல்லுக்கடியில் விழுகிறது.

ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், உள்ளூர் மோட்டார், உள்ளூர் பட்டறை எல்லாம் சேர்ந்து அந்த இயந்திரத்தைக் கோவையின் அடையாளமாக்கின. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அதே அடுப்படியில், அதே கைகளை அரைப்பதற்கு நிகராக வருத்தும் இன்னொரு வேலை இருக்கிறது. மாவு அரைத்த தொட்டி, இட்லித் தட்டு, குழம்பு போசி, வடைச்சட்டி, குக்கர், சாப்பிட்ட தட்டு என்று மூன்று வேளையும் குவிகிற பாத்திரங்களைக் கழுவுவது. இதற்கு மட்டும் ஐரோப்பியச் சமையலறையை மனத்தில் வைத்து வரைந்த பெட்டியைத்தான் இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறோம். பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் வீதிக்கு வீதி கிடைக்கிற ஊரில் இது வேடிக்கைதான்.

கொங்குச் சமையலறைக்கென்று ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வெறுந்தாளிலிருந்து வரையத் தொடங்கினால் எப்படி வரும்? இந்த அத்தியாயம் அந்தப் பயிற்சி. கோவைக்காரர் என்றால் பம்பில் ஆரம்பிக்கத்தான் கை போகும். ஆனால் பம்ப் இந்தக் கணக்கில் கடைசி வரி. போசியின் வடிவம், அதில் ஒட்டியிருக்கும் அழுக்கு, குழாயில் வரும் தண்ணீர் ஆகிய மூன்றும் முடிவானால் பம்ப் தானாக முடிவாகிவிடும்.

தட்டை அளந்த பெண்

பாத்திரம் கழுவ இயந்திரம் செய்யும் முயற்சி அமெரிக்காவில் 1850-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஜோயல் ஹூட்டன் என்பவர் மரத்தால் செய்த ஒரு தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே தண்ணீர் வாரியடிக்கும். பாத்திரம் நனைந்தது, சுத்தமாகவில்லை.

வேலை செய்யும் இயந்திரம் வர இன்னும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஷெல்பிவில் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன் வசதியான வீட்டுப் பெண்மணி. விருந்து முடிந்து கழுவும்போது அவருடைய பீங்கான் தட்டுகளின் விளிம்புகள் உடைந்துகொண்டே இருந்தன. கணவர் கடன்களை விட்டுவிட்டு இறந்துபோன பிறகு, பொழுதுபோக்காக இருந்த யோசனை பிழைப்பாக மாறியது. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கின் துணையோடு அவர் உருவாக்கிய இயந்திரத்துக்கு 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது.

அவர் முதலில் செய்த வேலை அளவெடுத்தது. தட்டு, கோப்பை, கோப்பைத் தட்டு ஒவ்வொன்றையும் அளந்து, அதது உட்காரக் கம்பியால் தனித்தனி அறைகள் பின்னினார். அந்தக் கம்பிக் கூடை செப்புக் கொதிகலனுக்குள் சுழலும். சூடான சோப்புத் தண்ணீர் அதன்மேல் பீய்ச்சியடிக்கும். தேய்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை. பாத்திரத்தை அசையாமல் பிடித்து வைப்பதும், தண்ணீரை வேகமாக அடிப்பதும்தான் முழு யோசனை. இன்றைய இயந்திரங்களில் கூடை நிற்கிறது, தண்ணீர் பீய்ச்சும் கை சுழல்கிறது. மற்றபடி அடிப்படை அதேதான்.

1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் அங்கிருந்த உணவகங்களின் பாத்திரங்களைக் கழுவிக் காட்டின. ஓட்டல்களும் மருத்துவமனைகளும் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. அவ்வளவு வெந்நீரைக் காய்ச்சும் வசதி அன்றைய வீடுகளில் இல்லை. பல ஊர்களில் தண்ணீரும் கடினமாக இருந்ததால் சோப்பு நுரைக்கவில்லை. இயந்திரத்தில் கோளாறு இல்லை, அது போய்ச் சேர்ந்த வீட்டில்தான் அதற்கு வேண்டியவை இல்லை. காக்ரேன் 1913-இல் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 1926-இல் ஹோபார்ட் நிறுவனத்திடம் போனது. வீட்டுக்கான இயந்திரம் பரவலாக விற்பனையானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

காக்ரேன் அளந்தது தன் வீட்டுப் பீங்கானை. இன்றுவரை இந்த இயந்திரங்களின் கூடைகளில் வரிசையாக நிற்கும் கம்பிகள் அந்தத் தட்டையான, கனமான, விளிம்பு தாழ்ந்த தட்டுக்கு ஏற்றவை. நம்முடைய குண்டாவை அதில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

கை இல்லாமல் கழுவுவது

கழுவுதல் என்ற வேலையை நான்காகப் பிரிக்கலாம் என்று 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொன்னவர் ஹெர்பர்ட் சின்னர். ஜெர்மனியின் ஹென்கெல் சோப்பு நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர். தேய்ப்பு, ரசாயனம், சூடு, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அழுக்கு போகும். ஒன்றைக் குறைத்தால் மற்ற மூன்றில் எதையாவது கூட்டிக் கொடுக்க வேண்டும்.

வாசலோரம் குத்தவைத்துப் பாத்திரம் துலக்குபவரை இந்தக் கணக்கில் பாருங்கள். தேங்காய் நாரும் தோள் பலமும் இருப்பதால் தேய்ப்பு மிக அதிகம். பச்சைத் தண்ணீர் என்பதால் சூடு கிட்டத்தட்ட இல்லை. ஒரு போசிக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ரசாயனத்தில் மட்டும் அந்தக் கால ஆட்கள் கெட்டிக்காரர்கள். அடுப்புச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம், எண்ணெய்ப் பிசுக்கை உடைக்கும். சாம்பலில் உள்ள சிலிக்கா துகள்கள் உரசிக் கொடுக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் சாம்பல் போதாது என்று புளி போட்டார்கள். புளியின் டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துப் பளபளப்பைக் கொண்டுவரும். சீயக்காயும் உண்டு. அதிலுள்ள சபோனின் நுரைத்து எண்ணெயைத் தூக்கும்.

இயந்திரத்திடம் நார் இல்லை. தண்ணீர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் நாரின் உரசலுக்கு ஈடாகாது. அதனால் மற்ற மூன்றையும் தாராளமாகக் கூட்டுகிறது. கை தாங்காத 60, 65 டிகிரிச் சூடு. கையில் பட்டால் தோல் உரியக்கூடிய சோடியம் கார்பனேட் காரம். அதோடு மாவுச்சத்தையும் புரதத்தையும் வெட்டுகிற என்சைம்கள், கறையை வெளுக்கிற பெர்கார்பனேட். பிறகு நேரம். ‘நாலு பாத்திரத்துக்கு ரெண்டு மணி நேரமா?’ என்று கேட்பவர்களுக்கான பதில் இதுதான். தேய்ப்பில் விட்டதை நேரத்தில் பிடிக்கிறது.

தண்ணீரில் அது கஞ்சன். ஒரு தடவைக்கு 3 அல்லது 4 லிட்டர் எடுத்து, அதையே சுற்றிச் சுற்றி அடிக்கும். முன்அலசல், கழுவல், அலசல், கடைசி வெந்நீர் அலசல் என்று நான்கு முறை எடுத்தாலும் 12 முதல் 16 லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் பத்து நிமிடம் கழுவினாலே 60 லிட்டர் போய்விடும். குடத்துத் தண்ணீரில் சிக்கனமாகக் கழுவிப் பழகியவர்களிடம் இந்த வித்தியாசம் குறையும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சூட்டின் விலை என்ன? 4 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 590 கிலோஜூல் தேவை. கடைசி அலசலுக்கு இன்னொரு 4 லிட்டரை 65-க்கு ஏற்ற 670. இரண்டும் சேர்ந்து 0.35 யூனிட் மின்சாரம். பாத்திரமும் தொட்டியும் குடிக்கும் சூடு, பம்ப், இழப்பு எல்லாம் சேர்த்தால் முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை ஆகும். மின் கட்டணத்தில் பெரும்பங்கு வெந்நீருக்குத்தான், பம்புக்கு இல்லை. அந்தப் பம்பை இப்போது பார்ப்போம்.

இருபது வாட் பம்ப்

பைக்காரா மின்சாரம் 1930-களில் சமவெளிக்கு இறங்கியபின் கோவையில் மில்களும், மில்களைத் தொட்டுப் பட்டறைகளும், கிணற்றுக்குப் பம்பும் வளர்ந்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து இந்த ஊர் பம்ப்காரர்களின் பெருமை ‘ஹெட்’. எத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கும் என்பதே பேச்சு. ஆயிரம் அடி போர் போடுகிற நாட்டில் அது நியாயம்தான்.

பாத்திரம் கழுவும் பம்புக்கு அந்த வித்தை வேண்டியதில்லை. 3 மீட்டர் ஹெட் போதும். அந்த அழுத்தத்தில் துளையிலிருந்து வெளிவரும் நீர்த்தாரை நொடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில் பாயும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய ஆற்றல் வெறும் 20 வாட். பம்பின் இழப்பையெல்லாம் கூட்டினாலும் 50, 60 வாட் மோட்டார் தாராளம். தோட்டத்துக் கிணற்றிலிருக்கும் 5 எச்.பி. மோட்டார் 3,700 வாட். ஹெட் குறைவு, ஓட்டம் அதிகம், ஓட்டத்தில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் கலந்து வரும். இந்த மூன்றும்தான் இங்கே வடிவமைப்பாளரின் தலைவலி.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் தலைவலியின் அளவு தெரியும். தொட்டியில் இருப்பது 4 லிட்டர். பம்ப் தள்ளுவது நிமிடத்துக்கு 40 லிட்டர். அதாவது ஒவ்வொரு சொட்டும் நிமிடத்துக்குப் பத்து முறை போசியில் அடித்துத் திரும்பி வருகிறது. ஒரு மணி நேரத்தில் 2,400 லிட்டர் பாத்திரங்களின் மேல் பாய்ந்திருக்கும், செலவானது என்னவோ நாலு லிட்டர்தான். திரும்பி வரும் வழியில் வடிகட்டி சரியில்லை என்றால், ஒரு தட்டில் இருந்து போன கடுகு அத்தனை தட்டுகளிலும் ஏறி உட்காரும். அதனால்தான் இந்த இயந்திரங்களில் கரடுமுரடான சல்லடை ஒன்று, நுண்ணிய சல்லடை ஒன்று என்று அடுக்கடுக்காக வைக்கிறார்கள். நுண்ணியதைச் சரிவாக வைத்து, அதன்மேல் விழும் தண்ணீரே கசடை ஒரு மூலைக்குத் தள்ளும்படி செய்கிறார்கள்.

தண்ணீர் பீய்ச்சும் கைக்குத் தனி மோட்டார் கிடையாது. துளைகளில் ஓரிரண்டைச் சற்றுச் சாய்த்துவிட்டால், வெளியேறும் நீரின் எதிர்விசையே கையைச் சுழற்றும். புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழல்குழாயில் நடப்பதும் இதுவே. மிக வேகமாகச் சுற்றினால் தாரை சிதறிப் பனித்துளியாகிவிடும், அழுக்கில் அடி விழாது. மெதுவாகச் சுற்றினால் ஒரு போசிக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருப்பு கூடும். நிமிடத்துக்கு சில பத்துச் சுற்றுகள் என்ற அளவில் அதை நிறுத்துவது துளையின் கோணத்தைச் செதுக்குபவரின் திறமை.

தண்ணீர் வளையாது

தாரை நேராகப் போகும். மூலை திரும்பாது. கையில் நார் பிடித்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. விரல் மடங்கும், சொம்பின் கழுத்துக்குள் புகுந்து தோள்பட்டை வளைவைத் தேய்க்கும். தாரைக்கு அந்த வளைவு தெரியவே தெரியாது. ஒரு பாத்திரத்தின் வாய் அதன் வயிற்றைவிடக் குறுகலாக இருந்தால், கீழிருந்து அடிக்கும் தண்ணீர் அடிப்பகுதியில் பட்டுத் திரும்பும். தோள் வளைவில் வழிந்து வருவது வேகம் செத்த தண்ணீர். ஆக, குடம், சொம்பு, கூஜா மூன்றும் பட்டியலில் இருந்து முதலிலேயே வெளியே.

தட்டைப் பாருங்கள். நம் எவர்சில்வர் தட்டின் விளிம்பு ஓரங்குலம் செங்குத்தாக எழுந்து நிற்கும். பீங்கான் தட்டுக்கான கம்பி இடைவெளியில் அதைச் செருகினால், ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி நிழல் விழும். நிழல் விழுந்த இடத்தில் ரசம் அப்படியே இருக்கும். இட்லித் தட்டு இன்னொரு வகைச் சோதனை. குழிகளின் உட்புறம் ஒரு பக்கம் பார்க்கும், ஆவித் துளைகளில் காய்ந்த மாவு மறுபக்கம் அடைத்திருக்கும். இரண்டு பக்கமும் தாரை படவேண்டுமானால் தட்டைச் சாய்வாக நிறுத்த ஒரு பிடிமானம் தேவை.

அடுத்தது உலோகம். சோடாக் காரம் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், அதனால் அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் கூடாது. இரும்புத் தோசைக்கல்லையும் வடைச்சட்டியையும் போட்டால் வருடக்கணக்கில் எண்ணெய் குடித்துப் பழகிய மேற்பூச்சு ஒரே ஓட்டத்தில் போய்விடும், மறுநாள் தோசை எழும்பாது. பித்தளையும் ஈயச் சொம்பும் மங்கும். மண்சட்டி சோப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு குழம்பில் திருப்பிக் கொடுக்கும். மீதமிருப்பது எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான். நல்ல வேளையாக, கொங்கு வீடுகளில் கழுவ விழுவதில் பெரும்பகுதி எவர்சில்வர்.

ஆனால் எவர்சில்வருக்கு உலர்வதில் ஒரு குறை உண்டு. கடைசி அலசலில் பாத்திரம் 65 டிகிரிக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் அதன் மேலுள்ள ஈரம் ஆவியாக வேண்டும். 600 கிராம் பீங்கான் தட்டு 65-லிருந்து 35-க்கு ஆறும்போது ஏறக்குறைய 15 கிலோஜூல் சூட்டை விடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வேண்டும் என்பதால், ஆறு கிராம் ஈரம் போய்விடும். 250 கிராம் எவர்சில்வர் தட்டு அதே அளவு ஆறினால் வெளிவருவது நாலு கிலோஜூலுக்கும் குறைவு. ஒன்றரைக் கிராம் ஈரம்தான் போகும், மீதி துளிகளாக நிற்கும். தட்டு மெல்லியது, உலோகத்தின் வெப்பக் கொள்ளளவும் குறைவு. பீங்கானுக்காகக் கணக்கிட்ட உலர்த்தும் முறையில் எவர்சில்வர் ஈரமாகவே வெளியே வருவதற்குக் காரணம் இதுதான். ஓட்டம் முடிந்ததும் கதவு தானாகச் சற்றுத் திறந்துகொள்ளும் வசதி, அல்லது ஒரு சின்ன விசிறி, நமக்கு ஆடம்பரம் இல்லை. அத்தியாவசியம்.

முதலில் பச்சைத் தண்ணீர்

மாவு கரைத்த போசியை அப்படியே வெந்நீரில் போட்டால் என்ன ஆகும்? அரிசி மாவுச்சத்தின் துகள்கள் ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வீங்கிக் கஞ்சியாகும். போசியின் சுவரில் மெல்லிய தோசை சுட்டதுபோல அது ஒட்டிக்கொள்ளும். உளுந்தின் வழவழப்பான சேர்மமும் புரதமும் அதற்குப் பசை சேர்க்கும். பால் பாத்திரமும் அப்படியே, சூடு பட்டால் புரதம் உறைந்து படியும். எனவே முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான் நடக்க வேண்டும். மாவு அரைக்காத ஊரில் இந்த முன்அலசலைத் தவிர்த்து நேரம் மிச்சம் பிடிக்கலாம். இட்லி, தோசை அன்றாடமாக இருக்கும் ஊரில் இதுவே முக்கியமான கட்டம்.

பிறகு சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். 50 டிகிரியை ஒட்டி என்சைம்கள் சுறுசுறுப்பாக இருக்கும். அங்கே சற்று நேரம் நிறுத்தினால் அமைலேஸ் காய்ந்த சோற்றை வெட்டும், புரோட்டியேஸ் தயிரையும் முட்டையையும் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்க்கு இந்தச் சூடு மிகப் போதும். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும், கடலை எண்ணெய் எப்போதும் திரவம்தான். மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்துப் போராடும் கைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மஞ்சள் தனி அத்தியாயம் எழுதத் தக்கது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் பெருமை முழுக்க அதிலுள்ள குர்குமின் என்ற நிறமியில் இருக்கிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். காரம் பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கும்போது தட்டு செக்கச்செவேல் என்று மாறுவது இதே வினைதான். இயந்திரத்தின் சோடாவும் காரம் என்பதால், குழம்பு ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா உள்ளே போய் ஆரஞ்சு நிறத்தில் வெளியே வரும். எவர்சில்வரில் நிறமி ஊடுருவ வழியில்லை, அலசினால் போய்விடும். பிளாஸ்டிக் எண்ணெயோடு நிறமியையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெளுக்க இரண்டு வழி: பெர்கார்பனேட் வெளியிடும் ஆக்சிஜன், அல்லது வெயில். வெளிச்சத்தில் குர்குமின் சிதையும். டப்பாவை மொட்டை மாடியில் ஒரு நாள் காயவைத்தால் இயந்திரத்தைவிட நன்றாகவே வேலை நடக்கும்.

அடிப்பிடித்த சட்டிக்கு மட்டும் இந்த வேதியியலில் முழுத் தீர்வு கிடையாது. கருகிய சர்க்கரையும் மாவும் கரியாகிவிட்ட பிறகு என்சைமுக்கு வெட்ட எதுவும் இல்லை. ஊறவைத்துச் சுரண்டத்தான் வேண்டும். 2020 ஊரடங்கில் வேலைக்கு ஆள் வர முடியாமல் போய், இந்தியாவில் இந்த இயந்திரங்களுக்குத் திடீரென்று கிராக்கி ஏறியது. கடாய்க்கென்று தனி ஓட்டம் உண்டு என்ற விளம்பரங்களும் வந்தன. அதிகச் சூடு, அதிக அழுத்தம், அதிக நேரம் என்பதே அந்த ஓட்டத்தின் உட்பொருள். சின்னரின் நான்கில் மூன்றைக் கூட்டுவது, அவ்வளவுதான்.

நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

கோவையில் வீட்டுக்கு வீடு இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி போன்ற திட்டங்களிலிருந்து வரும் நல்ல தண்ணி, மற்றதில் போரிலிருந்து வரும் உப்புத் தண்ணி. சிறுவாணி மலைக்காட்டு மழைநீர், கால்சியமும் மக்னீசியமும் அதில் மிகக் குறைவு. போர் தண்ணீர் பாறை இடுக்குகளில் தங்கி அவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அந்த 600-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரு ஓட்டத்துக்கு 12 லிட்டர் என்றால் உள்ளே போகும் சுண்ணாம்புச் சத்து 7 கிராமுக்கு மேல். மாதம் முப்பது ஓட்டத்தில் 200 கிராமைத் தாண்டும். சூடேறியதும் அதில் ஒரு பகுதி ஹீட்டரின் மேல் ஓடாகப் படியும், கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை ஓடு பழக்கம். ஒரு பகுதி சோப்பின் வீரியத்தைத் தின்னும். மீதி, உலராமல் நின்ற துளிகளோடு எவர்சில்வரில் வெள்ளைப் புள்ளியாகக் காயும்.

இதற்காக இயந்திரத்துக்குள் ஒரு மென்னீராக்கி வைக்கிறார்கள். பிசின் மணிகள் நிறைந்த குப்பி அது. தண்ணீர் கடக்கும்போது மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் அடர்த்தியான உப்புநீரால் அலசினால் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த உப்புக்கான அறையைத் திறந்து கடைக் கல்லுப்பை அள்ளிப் போடக்கூடாது. அதிலிருக்கும் மண்ணும் மக்னீசியமும் எந்த வேலைக்காக மணிகள் இருக்கின்றனவோ அதையே கெடுக்கும். கடைசி அலசலில் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் திரவம் ஒன்றையும் துளி விடுகிறார்கள். தண்ணீர் துளியாக நிற்காமல் படலமாக வழிந்து போகும்.

இதுவரை சொன்னது உலகம் முழுக்க உள்ள தீர்வு. எங்கோ ஒரே குழாய் உள்ள வீட்டை நினைத்து வரைந்தது. நம்மிடம் இருப்பதோ இரண்டு குழாய். இரண்டு வால்வு வைத்தால் என்ன? சில நாடுகளின் துணி துவைக்கும் இயந்திரங்களில் சூட்டுக்கும் குளிருக்கும் இரட்டை வால்வு ஏற்கெனவே உண்டு, பாகம் புதிதில்லை. பச்சைத் தண்ணீர் முன்அலசலுக்கும், கழுவிய பின் வரும் முதல் அலசலுக்கும் உப்புத் தண்ணி. சூடும் சோப்பும் சேரும் கட்டத்துக்கும் கடைசி அலசலுக்கும் நல்ல தண்ணி. ஒரு ஓட்டத்துக்கு நல்ல தண்ணி 8 லிட்டரில் முடிந்துவிடும். ஹீட்டரில் ஓடு படியாது. மென்னீராக்கியின் சுமை பெருமளவு குறையும், நல்ல தண்ணி தட்டில்லாமல் வரும் வீதிகளில் அது தேவையே படாமலும் போகலாம்.

வெளியேறும் பக்கத்திலும் இதே பிரிவினை செய்யலாம். முன்அலசல் தண்ணீரில் சோற்றுக் கசடும் குழம்பும்தான் இருக்கும். சோப்பு இன்னும் விழவில்லை. அதைத் தனிக் குழாயில் வாழைக்கு விட்டுவிடலாம். சோடா கலந்த தண்ணீர் மண்ணைக் கெடுக்கும், அது சாக்கடைக்கு.

வரைபலகையில்

எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைக்கும் இயந்திரம் கடையில் நிற்கும் பெட்டியிலிருந்து பெரிதாகத் தோற்றத்தில் மாறாது. உள்ளே மாறும். கீழ்த்தட்டில் நிலையான கம்பிகள் இல்லாத ஆழமான இடம், குக்கரும் குண்டாவும் கவிழ. மேலே எவர்சில்வர் தட்டுக்கு ஒன்றரை அங்குல இடைவெளியில் சாய்வான வரிசை, டம்ளருக்கு முளைக்கம்பி, இட்லித் தட்டுக்கு ஒரு பிடி. பெரிய சல்லடை, குனியாமல் இழுத்துக் கொட்டும்படி. இரண்டு உள்வழி வால்வு, இரண்டு வெளிவழி. பச்சை அலசல் கட்டாயம், 50 டிகிரியில் ஒரு நிறுத்தம், 65-இல் முடிவு. கதவைத் திறந்துவிடும் ஒரு ஸ்பிரிங். பம்ப்? 3 மீட்டர் ஹெட், 60 வாட், பருக்கை சிக்காத திறந்த இம்பெல்லர். கோவையில் அதை வார்க்கத் தெரியாத பட்டறை இருக்காது.

கடினமான முடிவு வேறு இடத்தில் இருக்கிறது: எதை இயந்திரத்துக்குக் கொடுக்காமல் விடுவது என்பதில். தோசைக்கல், வடைச்சட்டி, மண்சட்டி, சொம்பு, அடிப்பிடித்தது எதுவாக இருந்தாலும் கைக்கே. எல்லாவற்றையும் கழுவித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் இயந்திரம் விலையிலும் அளவிலும் வீங்கி, கடைசியில் துணி காயப்போடும் மேடையாக நிற்கும். கிரைண்டரும் எல்லாவற்றையும் அரைக்க வரவில்லை. மிளகாயும் மல்லியும் வேறு இயந்திரத்துக்குப் போயின, அது மாவை மட்டும் எடுத்துக்கொண்டது, அதனால்தான் வீட்டில் தங்கியது.

கல்யாணப் பந்தியில் இலையை மடித்து எறிந்துவிட்டு எழுந்து போகிறோம். கழுவ வேண்டிய தட்டே இல்லாமல் செய்த வடிவமைப்பு அது. ஆயிரம் பேருக்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது. நாலு பேர் வீட்டில் நாள்தோறும் விழும் முப்பது, நாற்பது எவர்சில்வர் பாத்திரங்களுக்குத்தான் இயந்திரம் வேண்டும். ஆகவே வரையத் தொடங்கும் மாணவர் பம்ப் கேட்டலாக்கை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் ஒரு வீட்டின் கழுவுமிடத்தில் விழுவதையெல்லாம் எண்ணி, ஒவ்வொன்றின் வாய் அகலத்தையும் ஆழத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு வரட்டும். காக்ரேன் 1880-களில் செய்ததும் அதுதான். அந்த அளவுப் பட்டியல் நம் ஊருக்கு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.